எடைக்கல்

சங்கு அலறியது. ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்கு அல்ல. தீப்பிடித்த இடத்தில் ஊதுவதுபோல் விட்டு விட்டு அலறும் சங்கு. ஓசூர் மின்கலத் தொழிற்சாலையின் மூன்றாம் கூடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் தலைக்கு மேலிருந்த பச்சை விளக்குகள் ஒரே மூச்சில் சிவப்பாயின.

ஒரே ஒரு விளக்குதான் பச்சை. அது அமலோற்பவத்தின் தலைக்கு மேல்.

அவளுக்கே அது புதுசு. ஒன்பது வருஷமாக அந்த விளக்கு சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டியதில்லை. தினமும் வேலைக்கு உட்காருமுன் எல்லோரும் உளமானியில் கட்டைவிரலை வைத்துப் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'இன்று ஆசையாக வேலைக்கு வந்தீர்களா?' 'மேலாளர் உங்களை மதிக்கிறாரா?' வாயால் பொய் சொல்லலாம், விரலால் முடியாது. ரத்தம் ஓடும் வேகத்தைப் படித்து, கேள்விக்குப் பத்தாக உளமானி மதிப்பெண் போட்டுவிடும்; ஐம்பதுக்குக் கீழே என்றால் விளக்கு சிவப்பு. தொழிலாளர்கள் போராடி வாங்கிய மனநிறைவுச் சட்டம் அது. மூன்று நாள் தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழே போனால், 'இந்த வேலை உங்களுக்குப் பொருந்தவில்லை' என்று அன்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நண்பகலில் பாதி விளக்கு சிவப்பாக இருந்தால் கூடத்துக்கே பூட்டு.

அமலோற்பவம் தினமும் பூஜ்யம். ஆனாலும் அவளை யாரும் அனுப்பவில்லை. தூத்துக்குடியில் கால் விளங்காமல் கிடக்கும் புருஷனுக்காகவும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்காகவும் இரக்கப்படுகிறார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். அங்கே உள்ள கிளைக்கு மாற்றல் கேட்டு ஆறு முறை மனுப் போட்டாள். ஆறு முறையும் ஒரே பதில்: 'சக ஊழியர் ஒருவர் ஆட்சேபித்திருக்கிறார். பெயர் ரகசியம்.' யார் அந்தப் பாவி என்று தெரியாமல் கூடத்தில் எல்லோர் முகத்தையும் சந்தேகத்தோடு பார்த்தே ஒன்பது வருஷம் ஓடியது.

இந்த முறை யாரும் ஆட்சேபிக்கவில்லை. காலையில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்கு வந்து விரலை வைத்தாள்; உளமானி எழுபத்தொன்று காட்டியது.

மனநிறைவு அலுவலர் தணிகைவேல் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் என்னத்த சார் செஞ்சேன்? சந்தோசமா இருந்தேன்."

"அதாம்மா தப்பு!"

அப்புறம்தான் அவர் வாயிலிருந்து ஒரு ரகசியம் வெளியே வந்தது. காய்ச்சலுக்கு டிகிரி உண்டு, துணிக்கு மீட்டர் உண்டு. சந்தோஷத்துக்கு என்ன உண்டு? எடைக்கல் இல்லாமல் கத்தரிக்காய்கூட நிறுக்க முடியாது. ஆகவே கூடத்துக்கு ஒருவர், துயரம் மாறாத ஒருவர், எடைக்கல். அவருக்கு மேலே எவ்வளவு என்பதுதான் மற்றவர்களின் மதிப்பெண். எடைக்கல் எழுபத்தொன்று ஏறினால் மற்ற எல்லோருக்கும் எழுபத்தொன்று இறங்கும்.

"வேற ஆளை வச்சுக்கிடுங்க சார்."

"இவ்வளவு பக்குவமா இன்னொருத்தர் கிடைக்க ஒரு வருஷம் ஆகும்மா." தணிகைவேல் கைப்பலகைத் திரையை நாலு தட்டுத் தட்டினார். "உத்தரவு ரத்து. மன்னிச்சுக்குங்க. விரலை வைங்க."

அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது.

"அமலாக்கா, பெரிய மனசு பண்ணுங்க. வீட்டை நினைச்சுக்குங்க."

"பாப்பா டைபாய்டுல கிடந்தப்ப லீவு குடுக்கலையே, அதை நினைங்கக்கா!"

"ச்சீ, வெட்கமா இல்ல?" என்று ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கை முனிலட்சுமி. "ஒன்பது வருஷமா அவங்க கண்ணீர்ல சோறு தின்னுட்டு, இன்னும் அழச் சொல்றீங்களா? அவங்க போகட்டும் சார். கூடத்தைப் பூட்டினா பூட்டட்டும்!"

அமலோற்பவம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தினமும் தன் டப்பாவிலிருந்து பாதிக் களியைப் பிட்டு வைப்பவள். அவளைக்கூட நம்பாமல்தான் இவள் அதைத் தின்றிருக்கிறாள். கண் நிறைந்தது. விரலை வைத்தாள்.

பத்து.

தணிகைவேல் திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்பது கேள்விகளுக்குப் பூஜ்யம். கடைசிக் கேள்வியில் மட்டும் முழுசாகப் பத்து: 'இங்கே உங்களுக்கென்று ஒருவராவது உண்டா?'

"இத்தனை வருஷத்துல இதுக்கு இவங்க மார்க் வாங்கினதே இல்லை" என்று முணுமுணுத்தார். கூடத்தில் பெரும்பாலோர் ஐம்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள். பத்துக் குறைந்தாலும் சிவப்புதான். மணி பதினொன்று ஐம்பது.

அவர் முனிலட்சுமியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பத்து நீதாம்மா. உனக்கும் ரெண்டு குழந்தைங்க. கூடத்தைப் பூட்டினா முந்நூறு குடும்பம் தெருவுக்கு வரும். யோசிச்சுக்கோ."

முனிலட்சுமி சிவப்பு விளக்குகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலிருந்ததையும் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து அமலோற்பவத்தின் நாற்காலியருகே மண்டியிட்டு, அவள் கையை உளமானியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"விரலை எடுக்காதீங்கக்கா. ஆறு தடவையும் ஆட்சேபம்னு போட்டது நான்தான். நீங்க போயிட்டா எனக்கு இங்க யாருக்கா இருக்காங்க?"