சந்தனப் பொட்டு வைத்த முகம்

சந்தனப் பொட்டு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

மனோரஞ்சிதம் விரலால் தேய்த்துப் பார்த்தாள். கண்ணாடி வழுக்கியது, பொட்டு அசையவில்லை. முந்தினநாள் அவள் வெளியே வைத்த பொட்டு இப்போது படத்திலிருந்த கிழவரின் நெற்றியிலேயே ஈரமாக ஒட்டியிருந்தது.

1993 மாரியில், குளிர்தேசத்துப் பார்க்டேலில், நிலத்துக்குக் கீழிருந்த அந்த பேஸ்மென்றுக்கு அவளும் மகனும் குடிவந்தபோதே படம் சுவரில் தொங்கியது. ஐரோப்பாவில் நானூறு வருடங்களுக்கு முன் செப்புத்தகட்டில் கீறி அச்சடித்தது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நீண்ட அங்கி, தலைக்குப் பின்னால் வெளிச்சம், உயர்த்திய வலக்கை. எந்தச் சமயத்துச் சாமியானாலும் சாமிதானே என்று, கீழிருந்த பலகையில் விளக்கேற்றினாள். மகன் கோகுலனின் காய்ச்சல் இறங்கவேண்டுமென்று அந்தக் கையைப் பார்த்தே மன்றாடினாள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. ஹீற்றரின் முனகலுக்குள்ளும் காயாத உடுப்புகளின் வாடைக்குள்ளும், யாரோ அருகில் ஈரவிறகு அடுக்குவதுபோல ஒரு சத்தமும் மணமும் மெல்ல மெல்லக் கலந்துவந்தன.

பின்னேரம் மேல்வீட்டு அன்ரனெற், பிள்ளைக்கு ரசம் கொண்டுவந்தாள். படத்தைக் கண்டதும் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அக்கா, ஆருக்குப் பொட்டு வைச்சிருக்கிறீங்கள்? உவர் புனிதர் இல்லை. எரிக்கச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தவர். கீழ மூலையில கட்டுப்பட்டு நிக்கிறவரெல்லோ சமயத்துக்காக உயிர் குடுத்த வேதசாட்சி.”

கோகுலனைத் தொட்டுப் பார்த்தவள், ஆஸ்பத்திரிக்கு ரக்ஸி கூப்பிடப் படியேறி ஓடினாள்.

படத்தின் மூலையில் மெலிந்த ஒரு மனிதன், கைகள் முதுகுக்குப் பின்னால் கம்பத்தோடு கட்டுண்டு நின்றான். காலடியில் விறகு. இத்தனை நாளும் மனோரஞ்சிதம் அவனை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பெரியவரின் கம்பீரம் கண்ணை மறைத்துவிட்டது. நெஞ்சு கரைந்தது. மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் தொட்டு அவன் உதட்டில் வைத்தாள். விளக்கை நகர்த்தினாள். அவனுக்கு நேர் கீழே வைத்தாள்.

விறகு வெடித்தது.

“அம்மா, கால் சுடுது.”

கட்டிலில் கோகுலன். பாதங்கள் கரியாயிருந்தன. கைகள் முதுகுக்குப் பின்னால். இழுத்தாள். பிரியவில்லை. கயிறும் இல்லை.

அவன் உதடு மட்டும் ஈரமாயிருந்தது.

பாய்ந்துபோய்த் திரியை நசுக்கினாள். அணைந்தது. அறையில் வெளிச்சம் குறையவில்லை.

படத்தில் கம்பம் வெறுமையாய் நின்றது. கிழவரின் கை, எரிக்கச் சொல்லி முடித்ததுபோல, கீழே இறங்கியிருந்தது. அவர் நெற்றியில் அவள் வைத்த பொட்டு, இன்னும் காயாமல்.