சுரங்கிக்கு வலித்தால்

ஏழாம் குடியிருப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு முதலில் காதில் விழும் கேள்வி, "வலிக்கிறதா?" என்பதுதான். கேட்பவர்கள் இணைப்பாளர்கள். பதில் சொல்பவை சுரங்கிகள், அதாவது செவ்வாயின் மண்ணுக்கடியில் பனிக்கட்டி வெட்டியெடுக்கும் இயந்திரங்கள். சுரங்கியின் வயிற்றில் இருக்கும் இணைப்புவாயில் எரிபொருள் குழாயைப் பொருத்துவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்காமல் பொருத்தினால் மூன்று நாள் பணி இடைநீக்கம்.

இது மரியாதைக்காக ஏற்பட்ட வழக்கம் அல்ல. வலி தெரியாத இயந்திரம் தன் கையைத் தானே பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, எல்லாச் சுரங்கிகளுக்கும் வலியுணரி வைத்தார்கள். புதுச் சுரங்கி ஒன்று பூமியிலிருந்து வந்துசேரப் பதினான்கு மாதம் ஆகும். அதனால் இருப்பதைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டார்கள். மனைவிமார்களும் அதே கப்பலில், அதே பதினான்கு மாதம் பயணம் செய்துதான் வந்தார்கள். அதை ஏனோ யாரும் யோசிக்கவில்லை.

செந்தூரன் அங்கே மூத்த இணைப்பாளன். இரண்டு மாதமாக நாற்பத்தொன்றாம் சுரங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். போன புழுதிப்புயலின்போது எவனோ அவசரத்தில் குழாயை முரட்டுத்தனமாகச் செருகியதில் உள்ளே கிழிந்து புண்ணாகிவிட்டது. புண் ஒரே வாரத்தில் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு குழாய் கிட்டே வந்தாலே இணைப்புவாயைச் சுற்றியிருக்கும் தசைவளையம் இறுக மூடிக்கொண்டது. "நான் மூடவில்லை. அது தானாக மூடிக்கொள்கிறது" என்றது சுரங்கி. யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. அதன் அட்டையில் செந்தூரனே தன் கையால் எழுதினான்: 'பழுது இல்லை. நடிப்பும் இல்லை. உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது.'

அவன் வீட்டில் நிலைமை வேறு. மனைவி பூங்கோதை விதைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். முதல் நாளிலிருந்தே, அவன் நெருங்கும்போது அவள் உடல் தானாக இறுகிக்கொண்டது. மீறி முயன்றால் உயிர் போகிற வலி. அவன் கொடுமைக்காரன் இல்லை. நாலைந்து முறை முயன்று பார்த்துவிட்டு, "என்னைப் பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்லிடேன்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்தச் சொல் அவளுக்கு வலியைவிடக் கூடுதலாக வலித்தது. ஏனென்றால் அவளுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது.

பூமியிலிருந்து அம்மாவின் குரல் பன்னிரண்டு நிமிடத் தாமதத்தில் வந்தது. "எல்லாப் பொம்பளைக்கும் ஆரம்பத்துல அப்படித்தான்டி இருக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ. விசேஷம்னு ஒண்ணு ஆயிட்டா எல்லாம் சரியாயிடும்." மருத்துவக் கூண்டு அவளைத் தலை முதல் கால்வரை ஊடுருவிப் பார்த்து, 'உறுப்புகள் யாவும் இயல்பு. நிறையத் தண்ணீர் குடிக்கவும்' என்று சீட்டுக் கொடுத்தது. குடியிருப்பின் குடும்ப வாரியம் ஒரு படி மேலே போயிற்று. 'இரண்டு ஆண்டாகத் தாம்பத்தியம் இல்லை. காரணம்: மனைவியின் ஒத்துழையாமை' என்று எழுதி, பூமிக்குத் திரும்பும் அடுத்த கப்பலில் அவளுக்கு ஓர் இருக்கை ஒதுக்கிவிட்டது. கப்பல் புறப்பட ஐந்து வாரம் இருந்தது. சிகிச்சையில் இருப்பதாக மருத்துவ அதிகாரி சான்று கொடுத்தால் மட்டுமே அவள் இங்கே இருக்க முடியும்.

அந்த நிலைமையில்தான் ஒரு நாள் மதியம், அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இணைப்புக்கூடத்துக்குப் போனாள். செந்தூரன் நாற்பத்தொன்றின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குழாய். அதைப் பிடித்திருந்தது அவனல்ல, சுரங்கி.

"நீயே மெதுவா வச்சுப் பாரு. அவசரமே இல்ல. வேணாம்னு தோணிச்சா எடுத்துடு, நாளைக்குப் பாத்துக்கலாம். நான் இங்கதான் இருக்கேன்."

இந்தக் குரல் அவனிடம் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. சாப்பாட்டை மேசையில் வைத்தாள். பக்கத்தில் திறந்து கிடந்த பராமரிப்பு நூலின் பதினான்காம் பிரிவை நின்றபடியே படித்தாள். 'இறுக்கம் சுரங்கியின் விருப்பத்தால் நேர்வதல்ல. அதைக் குறைசொல்லக் கூடாது. வலியும் பயமும் தீரும்வரை பொருத்த முயலக் கூடாது. தசைவளையத்தை இறுக்கவும் தளர்த்தவும் பழக்குக. மிக மெல்லிய குழாயில் தொடங்குக. கட்டுப்பாடு எப்போதும் சுரங்கியிடமே இருக்கட்டும்.' நூலைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"ஏங்க, இது எனக்கு இருக்கறதுதானே?"

செந்தூரன் நூலை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு மனப்பாடமான பக்கம்தான். முதல் வரியிலேயே நின்றுவிட்டான்.

"இது மிஷினுக்குப் போட்டது, பூங்கோதை."

"மிஷின் வலிக்குதுன்னா நம்புறீங்க. நான் ரெண்டு வருஷமா சொல்றேன்."

அவன் நூலை மூடினான். வெட்கத்தில் முகம் கறுத்துப்போயிற்று. மறுநாள் அவனே அவளை மருத்துவ அதிகாரி அருணகிரியிடம் அழைத்துப் போனான். அதிகாரி நூலை இரண்டு விரலால் தள்ளிவைத்தார்.

"இயந்திரத்துக்குச் செய்யறத மனுஷங்களுக்குச் செய்ய முடியுமாப்பா? பரிசோதிச்சுப் பாக்காத முறை. இத நம்பி நான் எப்படிச் சான்று குடுக்கறது?"

பூங்கோதை இரவெல்லாம் நூலைக் கரைத்துக் குடித்திருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்து அடிக்குறிப்பை அவர் மூக்கருகே நீட்டினாள். 'பதினான்காம் பிரிவின் மூலம்: பூமி, இருபத்தொன்றாம் நூற்றாண்டு, மகளிர் மருத்துவக் கையேடு. பெண் என்று வரும் இடங்களில் சுரங்கி என்றும், யோனி என்று வரும் இடங்களில் இணைப்புவாய் என்றும், கணவர் என்று வரும் இடங்களில் இணைப்பாளர் என்றும் மாற்றப்பட்டுள்ளது.'

அதிகாரி இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல உருப்படியா ஏதாவது இருந்திருந்தா, அந்தக் காலத்துலயே பொம்பளைங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்களாம்மா?"

அவள் அதற்கு மேல் அவரிடம் வாயைக் கொடுக்கவில்லை. நேரே இணைப்புக்கூடத்துக்கு வந்து பழுதுப்பதிவுத் திரையின் முன் உட்கார்ந்தாள். அங்கே அறுபத்தொரு சுரங்கிகள் இருந்தன. தனக்கு அறுபத்திரண்டு என்று ஓர் எண்ணைத் தட்டினாள். வலிக்கிறதா? ஆம். எவ்வளவு காலமாக? இரண்டு ஆண்டு. இறுக்கம் தானாக நேர்கிறதா? ஆம். இரண்டு ஆண்டில் யாரும் கேட்காத கேள்விகளைத் திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. நாலாவது கேள்விக்குள் அவள் அழுதுவிட்டாள்.

இரண்டே நிமிடத்தில் உத்தரவு வந்தது. 'அறுபத்திரண்டின் மேல் குற்றமில்லை. பதினொரு வாரச் சிகிச்சை. முழுதாகக் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். சிகிச்சை முடியும்வரை இதைக் கப்பலில் ஏற்றக் கூடாது.' இயந்திரங்களைப் பற்றிய உத்தரவை மாற்றும் அதிகாரம் குடும்ப வாரியத்துக்குக் கிடையாது.

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் திரை இன்னும் முடிக்கவில்லை. பொறுப்பான இணைப்பாளர் யார் என்று கேட்டது. பின்னால் நின்றிருந்த செந்தூரன் குனிந்து தன் பெயரைத் தானே தட்டினான். உடனே அடுத்த கேள்வி வந்தது.

'இணைப்பாளர் பதிலளிக்கவும். ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே வலிக்கிறதா என்று கேட்டீர்களா?'

தினமும் காலையில் சுரங்கிகளிடம் அதைக் கேட்பவன் அவன். விரல் திரைக்கு மேலேயே வெகுநேரம் நின்றது. பூங்கோதை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவன் 'இல்லை' என்பதைத் தொட்டான்.

மூன்று நாள் பணி இடைநீக்கம் என்று வந்தது. மனைவியிடம் அதைக் கேட்காததற்காக ஒருவன் தண்டனை பெற்றது, பூமியையும் சேர்த்துச் சொன்னால், அதுதான் முதல்முறை.