ஏழாவது இடத்துப் படம்

மாலை ஆறு மணிக்குப் பால்கனிக் கயிற்றின் மணி விடாமல் அடித்தது. யாங்கூன் மாடிவீடுகளுக்கு அந்தக் கயிறுதான் வாசல்மணி. தெருவரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப். காலையில் பேப்பர் அதில்தான் மேலே வரும், வந்தவருக்குச் சாவியும் அதில்தான் கீழே போகும். தைலம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை மாட்டி இறக்கினார்.

ரயில்வேயில் தொலைந்த சாமான் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர் அவர். ஓய்வுபெற்ற பிறகும் பசுந்தாங் பேட்டையில் யாருக்கு எது காணாமல் போனாலும் இந்த வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள். குடை, மோதிரம், ஓடிப்போன மாப்பிள்ளை எல்லாம் கிடைத்திருக்கிறது. அவருடைய வலது கை ரஹ்மத்துல்லா டாக்ஸி ஓட்டுகிறவன். நாற்பது வயதாகியும் சவாரியை விட்டுவிட்டுத் துப்பு தேடுகிற ஆசை போகவில்லை. அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவிதான் பாவம்.

மேலே வந்தவள் ஏஞ்சலா. பின்னால் சைமன், சின்னதாக டிராவல் ஆபீஸ் நடத்துகிறவர்.

"டோ தைலம், என் தங்கச்சி ஷைலாவைக் காணோம்." செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள் ஏஞ்சலா. பெரிய பெண்ணுக்கு 'டோ', அண்ணன் மாதிரி ஆணுக்கு 'கோ' என்பது பர்மிய மரியாதை. "போலீசுக்குப் போக பயமா இருக்கு. நீங்கதான் பார்க்கணும்."

சைமன்தான் நிதானமாக விவரம் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களை வழிகாட்டி இல்லாமல் தாங்களே நடந்து பார்க்க, பயணிகளுக்கு ஒரு காகித வரைபடம் தயாராகிறது. மொத்தம் எட்டு இடம். வரைந்தது அவர் ஆபீசில் வேலை செய்யும் ஷைலா. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை நடந்து பார்க்கிறேன் என்று மதியம் ஒரு மணிக்கு ஆபீசிலிருந்து கிளம்பினாளாம்.

"காலையில ஆறு மணிக்கே வீட்டை விட்டுப் போனா" என்றாள் ஏஞ்சலா. "ரெண்டு மணியிலேர்ந்து ஒவ்வொரு இடமா போட்டோ வந்துச்சு. ஏழாவது அஞ்சு பத்துக்கு. எட்டாவது வரல. போன் அடிச்சா ஆஃப். கோ சைமன் ரெண்டு மணிலேர்ந்து எங்க மாதா கோயில்ல என்னோடதான் இருந்தார், கல்யாண அலங்காரம். அவர்தான் என்னை இங்க கூட்டிட்டு வந்தார்."

சமீபமாக இந்த ஊரில் ஒரு பெண் அரைமணி நேரம் தாமதமாக வந்தாலே வீட்டில் அடுப்பு எரியாது. பாங்காக்கில் வேலை என்று கிளம்பி எல்லையில் தொலைந்தவர்கள் கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதே நினைப்புதான்.

தைலம்மாள் ஏஞ்சலாவின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஆறு படங்கள் தெருவில் நின்று அண்ணாந்து எடுத்தவை. ஏழாவது பசுந்தாங்கிலேயே ஒரு மஞ்சள் வீடு, தேக்குப் பால்கனி வரிசை. இரண்டாம் மாடிப் பூந்தொட்டிகள், எட்டுக் கயிறுகள், அவற்றின் நுனிகளில் மடித்த பேப்பர்கள். ஒன்றில் மட்டும் மொஹிங்கா பொட்டலம், காலையில் சூடாகச் சாப்பிடும் மீன்குழம்பு நூடுல்ஸ்.

"இந்த வீடு எங்க?"

"நாலு தெரு தள்ளி. கோ சைமனோட பழைய ஆபீசுக்கு நேர் எதிர்ல."

"அதைப் பூட்டி ஆறு மாசம் ஆச்சு" என்றார் சைமன்.

"உங்க ஆபீஸ் எத்தனாவது மாடி?"

"மூணாவது. ஏன்?"

தைலம்மாள் ஒரு சீட்டில் ஏதோ எழுதி மடித்தார். "ரஹ்மத்து, அரிசிக் கடை மூடறதுக்குள்ள இதை வாங்கிட்டு வா. திருட்டு பயமா இருக்கு, கீழ்க்கதவை வெளியே பூட்டிக்கிட்டுப் போ."

துப்பு சூடு பிடிக்கிற நேரத்தில் அரிசியா என்று ரஹ்மத்துல்லாவுக்கு முகம் விழுந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். கீழே சீட்டைப் பிரித்தவன் டீக்கடையிலிருந்த நாலு டிரைவர்களையும் சேர்த்துக்கொண்டு ஓடுவது பால்கனி வழியாகத் தைலம்மாளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார்.

"ஏஞ்சலா, ஷைலா இன்னிக்கு மத்தியானம் நடக்கவே இல்ல. காலையிலேயே நடந்திருக்கா."

"எப்படிச் சொல்றீங்க?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு எந்த வீட்டுலயாவது காலைப் பேப்பர் கயித்துல தொங்குமா? ஒருத்தர் ஊருக்குப் போயிருக்கலாம். எட்டு வீட்டுக்காரங்களுமா போயிருப்பாங்க? மொஹிங்கா வேற ஆறிப்போகுது. இது காலை எட்டு மணிக்கு எடுத்த படம்."

சைமன் சிரிக்கப் பார்த்தார். "பழைய படத்தை அனுப்பியிருப்பா."

"அவ எடுத்திருந்தா தெருவிலேர்ந்து எடுத்திருப்பா. இதுல ரெண்டாம் மாடித் தொட்டிக்குள்ள இருக்கிற மண் தெரியுது சார். தொட்டிக்கு மேல நின்னாத்தான் மண் தெரியும். எதிர்ல மூணாவது மாடி ஜன்னல்."

இத்தனை நேரம் தனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, தோளைத் தட்டி, "கிடைச்சிடுவா" என்று சொன்ன மனிதரிடமிருந்து ஏஞ்சலா நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

"காலையில ஆறு இடம் பார்த்துட்டு ஏழாவதுக்கு வந்தவளை மேல கூப்பிட்டிருக்கீங்க. அங்க அவ பார்க்கக் கூடாததை ஏதோ பார்த்துட்டா. அடைச்சு வச்சு, போனைப் பிடுங்கி, அவ எடுத்த ஆறு படத்தையும் கோயில்ல உட்கார்ந்தே ஒவ்வொண்ணா அனுப்பினீங்க. அவ சாயங்காலம் வரைக்கும் ஊர் சுத்தினான்னும் நீங்க ஏஞ்சலாவோடவே இருந்தீங்கன்னும் ஆகணும். ஏழாவது படம் மட்டும் அவகிட்ட இல்ல. நீங்களே ஜன்னல்ல நின்னு எடுத்துட்டீங்க. தினம் பார்க்கிற கயிறுதானே, கண்ணுலயே படல."

சைமன் எழுந்து படிக்கு ஓடினார். கீழ்க்கதவு அசைவது கேட்டது, பிறகு உதைகள். கதவுக்கு வெளியே டீக்கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவர் மறுபடி மேலே வந்து நின்றபோது சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தைலம்மாள் வெட்டுக்கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஆறு முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. ரஹ்மத்துல்லா மூச்சிரைத்தான். "அக்கா, பூட்டை உடைச்சுட்டோம்! இருக்கா! உயிரோட இருக்கா!"

ஏஞ்சலா போனைப் பிடுங்கினாள். "ஷைலா! கண்ணு! என்னடி பண்ணான் உன்னை?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா." தங்கையின் குரல் உலர்ந்து போயிருந்தது. "மேஜையில பொண்ணுங்க பாஸ்போர்ட் இருந்துச்சு. பார்த்துட்டேன். அக்கா, ஏழு மணிக்குக் கார் வருதாம். நாலு பேர் ரெடின்னு அவன் போன்ல சொன்னான். இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். மத்த மூணு பேரை எங்க வச்சிருக்கான்?"

ஏஞ்சலா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சைமனைப் பார்த்தாள். சைமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஆறு நாற்பது.