கழித்துப்போட்ட அலைகள்

பத்து நொடி முந்தி வரவேண்டிய அலை, இன்று காலை கால் நொடிகூட முந்தவில்லை.

தொலைதூர நிலநடுக்கத்தின் அலை ஏறி வரும்போது, நாம் நிற்கும் பாறைத்தட்டின் அடிப்பரப்பில் அதன் ஒரு பங்கு வேகமெடுத்து முந்திக்கொள்ளும். எத்தனை நொடி முந்தியது என்பதிலிருந்து தட்டின் தடிமன் தெரியும். அவன் வீட்டுக்கு அடியில் தொண்ணூறு கிலோமீட்டர். மாடிப்படிக்குக் கீழே அதிர்வுமானியை வைத்தவள் அவன் மனைவி. இருவருக்கும் ஒரே வேலை. அவள் போய் எட்டு மாதம்.

துறைத் தலைவரிடம் போனில் சொன்னான். அவர் சிரித்தார்.

"உன் வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு பூமியாப்பா? ஒத்துவராததைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தைச் சராசரி எடு."

எட்டு மாதமாக அதைத்தான் செய்திருந்தான். யோசிக்காமல்.

ஜன்னலில் மதிய வெயில் அசையாமல் கிடக்க, ஃபிரிட்ஜ் முனகி அடங்க, மழையே இல்லாமல் ஈரமண் வாசனை படிக்கு அடியிலிருந்து கிளம்பி அவள் புடவைகள் இன்னும் தொங்கும் அலமாரி வரை மெல்லப் பரவ, கழித்துப்போட்ட பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கினான். எண்பது கிலோமீட்டர். அறுபத்தொன்று. முப்பது. பன்னிரண்டு. இன்று இரண்டு.

முதல் பதிவு, அவளை அடக்கம் செய்த மறுநாள்.

பக்கத்து நிலையங்களில் தொண்ணூறு மாறவே இல்லை. தட்டு தேயவில்லை. ஏதோ ஏறி வருகிறது.

மகளைத் தேடினான். நான்கு வயது. படிக்கு அடியில், கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள்.

"எழுந்திரு கண்ணு, அத்தை வீட்டுக்குப் போகலாம்."

"இருங்கப்பா. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அள்ளித் தூக்கிக்கொண்டு திரும்பினான். எதிரே அதிர்வுமானியின் திரையில் அவன் காலடிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நள்ளிரவில் அவன் ஃபிரிட்ஜைத் திறக்கப் போனதையெல்லாம் மறுநாள் இதில் காட்டி மனைவி அவன் மானத்தை வாங்குவாள்.

ஒவ்வொரு காலடிக்கும் பின்னால் இன்னொன்று.

நின்றான். அவனுடையவை நின்றன.

மற்றவை நிற்கவில்லை. ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுபட்டு. கடைசி மாதங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்த நடை.

ஓட வாசல் பக்கம் திரும்பினான்.

அவன் முன்னால் தரை மெல்ல மேடிட்டது. ஓசையில்லை. மகள் அவன் தோளிலிருந்து சரிந்து, தூக்கிக்கொள்ளச் சொல்வதுபோல், இரண்டு கைகளையும் கீழே நீட்டினாள்.