தடுக்கப்பட்ட எண்

காணாமல் போன செல்லப்பிராணிகளைத் தேடித் தருவதற்காக அக்கா ஓர் இணையதளம் நடத்திவந்தாள். வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய கணினிதான் அதன் சர்வர். சில நாட்களாக அது மூச்சுத் திணறியது. யார் திறந்தாலும் பக்கம் வரவே இல்லை.

"ஒரே ஐ.பி. எண்ணுலேருந்து யாரோ ஓயாம கதவைத் தட்டுறாங்க. அந்த எண்ணையே தடுத்துட்டேன்," என்றாள் அக்கா.

"ஐ.பி. எண்ணுன்னா என்னக்கா?" என்று கேட்டாள் தங்கை சுண்டு.

"நம்ம வீட்டுக்கு விலாசம் இருக்குல்ல? அதுமாதிரி இணையத்துல ஒரு விலாசம்."

தளம் மறுபடி சுறுசுறுப்பானது.

மறுநாள் மதிய இடைவேளையில், பள்ளிக் கணினி அறையில் சுண்டு அந்தத் தளத்தைத் திறந்தாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. பக்கத்துக் கணினியிலும் அதே கதை.

"டீச்சர், இங்க எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே ஐ.பி. எண்ணா?"

"வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துக்கே ஒரு வாசல் மாதிரி."

சுண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். அப்படியென்றால் கதவைத் தட்டிய ஆள் இங்கேதான் இருக்க வேண்டும்.

கடைசி வரிசையில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்த விசைப்பலகையில், பக்கத்தைப் புதுப்பிக்கும் விசைமேல் ஒரு பென்சில் டப்பா அழுந்தி உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்குப்பா?"

"என் பூனையைக் காணோம். யாராச்சும் படம் போட்டா உடனே தெரியணும்ல? நான் கிளாசுக்குப் போனாலும் டப்பா அழுத்திக்கிட்டே இருக்கும். இப்ப பக்கமே வரமாட்டேங்குது."

சுண்டுவுக்குக் கோபம் வரவில்லை. டப்பாவை மெல்ல எடுத்து வைத்தாள். டீச்சரிடம் கேட்டு அக்காவுக்குப் போன் செய்தாள்.

"வேணும்னு யாரும் பண்ணலக்கா. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு குட்டிப் பொண்ணு பூனையைத் தேடுது."

"அடப்பாவமே. ஒரு பள்ளிக்கூடத்தையே வெளியே நிறுத்திட்டேனா?"

"ஆளையே தடுக்காம, ரொம்ப வேகமா தட்டுறதை மட்டும் தடுக்க முடியாதா?"

"முடியுமே. இது எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

கொஞ்ச நேரத்தில் பக்கம் திறந்தது. துணிக்குவியல்மேல் ஒரு வெள்ளைப் பூனை சுருண்டிருக்கும் படம். ஒரு காது மட்டும் கறுப்பு. கீழே, 'சலவைக் கடையில் தூங்குகிறது. உரியவர் வந்து எழுப்பவும்' என்று எழுதியிருந்தது.

"இவன்தான்," என்று சிறுமி கண்ணைத் துடைத்தாள். "எங்க போனாலும் தூக்கம்தான்."

மாலையில் அக்கா, சுண்டு, சிறுமி மூவரும் சலவைக் கடைக்குப் போனார்கள். எத்தனை முறை கூப்பிட்டும் பூனை கண்ணைத் திறக்கவில்லை. சிறுமி அதை அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுடைய புத்தகப் பையைச் சுண்டு சுமந்துகொண்டாள்.