முந்நூற்றுப் பன்னிரண்டு உள்ளான்கள்

“அறுநூத்தி இருபத்தொண்ணு!”

பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த ரமணி அக்கா மொத்தக் கணக்குத் தாளை உயர்த்திக் காட்டியதும் பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள். புனிதா மட்டும் கத்தவில்லை.

பவளக்கால் உள்ளான்களை எண்ணுவதற்காக அவர்கள் மலேசியாவின் கிள்ளான் கடலோரச் சேற்று நிலத்துக்கு வந்திருந்தார்கள். குளிர்காலத்தில் வடக்கு நாடுகளிலிருந்து பறந்து வரும் சிவப்புக் கால் பறவைகள் அவை. இதே வாரம் பல நாடுகளில் இப்படி எண்ணுகிறார்கள். எல்லாருடைய கணக்கும் ஒரே இடத்தில் போய்ச் சேரும்.

“போன வருஷம் முன்னூத்திச் சொச்சம்தான். இப்ப ரெண்டு மடங்கு!” என்று குதித்தான் தனேஷ். “திங்கக்கிழமை அசெம்பிளில நான்தான் சொல்வேன்.”

“உங்க டீம் முன்னூத்தி ஒம்பதுதான், பொஸ். நானும் புனிதாவும் முன்னூத்திப் பன்னெண்டு. நாங்கதான் சொல்வோம்லா” என்றான் குரு.

புனிதா தன் நோட்டைப் பார்த்தாள். மூன்று முறை எண்ணிய பிறகே அதில் எழுதியிருந்தாள்: ‘8.10. அலையாத்தி மரங்கள் அருகே. 312. ஒன்றின் காலில் ஆரஞ்சுப் பட்டை, K7.’ அதன் பிறகு ஒரு படகு உறுமிக்கொண்டு வந்தது. கூட்டம் மொத்தமாகப் பறந்துவிட்டது.

பக்கத்தில் தனேஷின் தாள் கிடந்தது. ‘8.40. படகுத்துறை. 309. ஒரு பறவைக்கு ஆரஞ்சுப் பட்டை. K7.’

புனிதா தன் நோட்டை மறுபடி பார்த்தாள். நான் தப்பாகப் படித்திருப்பேனோ? இல்லை. இரண்டு பேர் ஒரே மாதிரியா தப்பாகப் படிப்பார்கள்?

ரமணி அக்கா கணக்கை அனுப்பக் கைப்பேசியை எடுத்தார்.

“அக்கா… பறவைங்கள ஆராயறவங்க ஒரே நம்பர் பட்டைய ரெண்டு பறவைக்குக் கட்டுவாங்களா?”

“கட்ட மாட்டாங்க. ஐசி அட்டை நம்பர் மாதிரிதான், ஒருத்தருக்கு ஒண்ணு. ஏம்மா?”

புனிதா தன் நோட்டையும் தனேஷின் தாளையும் பக்கம் பக்கமாக வைத்தாள். “அப்படின்னா நம்ம ரெண்டு டீமும் ஒரே கூட்டத்தைத்தான் எண்ணியிருக்கோம். எனக்கு அப்படித்தான் தோணுது… தப்பா இருந்தா சாரி.”



“ஐயோ புனிதா! வீட்டு கேட்டை ரெண்டு தரம், பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பாப்ப, இப்ப பறவையையுமா?” என்றான் தனேஷ். “கொஞ்சம் கூட இருந்தா யாருக்கு என்னலா?”

“அடுத்த வருஷம் முன்னூறுதான் வரும். பாதிப் பறவை செத்துப்போச்சுன்னு எல்லா நாட்லயும் பதறுவாங்க. அதுங்க இங்க நிம்மதியா நண்டு தின்னுக்கிட்டு இருக்கும்” என்றாள் புனிதா.

குரு சிரித்துவிட்டான். தனேஷ் சிரிக்கவில்லை. நோட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். காதைச் சொறிந்தான்.

“படகுச் சத்தம் கேட்டப்பதான் எங்க பக்கம் கூட்டமா வந்து எறங்குச்சு. நான் என்னோட லக்குன்னு நினைச்சேன்.”

அவனே பேனாவை வாங்கி 309ஐக் கோடு போட்டு அடித்தான்.

ரமணி அக்கா நீளமாக மூச்சு விட்டார். “நல்ல வேளை! இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா அனுப்பியிருப்பேன். அப்புறம் எத்தனை பேருக்கு விளக்கம் சொல்றது!”

“ஆனா அக்கா, எங்களோடத ஏன் அடிக்கணும்? அவங்களோடத அடிக்கலாமே?” என்றான் தனேஷ்.

“படகு வந்து கலைக்கிறதுக்கு முன்னாடி, பறவைங்க அமைதியா உட்கார்ந்திருந்தப்ப எண்ணினது அவங்க” என்றார் அக்கா.

“அதோட நீ மூணைக் கோட்டை விட்டுட்ட” என்றான் குரு.

“அந்த மூணும் நாசி லெமாக் பொட்டலம் வாங்கிச் சாப்பிடப் போயிருக்கும்லா!”

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் புனிதாவுக்குப் பசியே தெரிந்தது.

ரமணி அக்கா 312 என்று எழுதி அனுப்பினார். சேற்றில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளான்கள் ஒரே வீச்சில் எழும்பி அவர்கள் தலைக்கு மேலே சுற்றின. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். இந்த முறை யாரும் எண்ணவில்லை.