கூடத்தில் இரண்டு பேர்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குத் திரும்பும் பஸ் ஜொகூர் பாலத்தின் நடுவில் நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தபோது ஷாமளாவின் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. வீட்டுக் கேமராவிலிருந்து அறிவிப்பு. கூடம், மாலை 6.41, இரண்டு பேர்.

இரண்டாவது ஆளுக்கு அங்கே வேலையே இல்லை. பாலத்துக்கு அப்பால் செடெனாக்கில் இருக்கும் அவள் வீட்டுக் கூடத்தில் இந்த நேரத்துக்கு அவளுடைய அப்பா ஐயாசாமி மட்டும்தான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். கணவன் செல்வா வேலை முடிந்து ஏழு மணிக்கு வருவான். நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கேமராவே வாங்கினார்கள். எட்டு மாதத்துக்கு முன் வாதம் வந்து அப்பாவுக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, பேச்சும் போயிற்று. ஷாமா என்று கூப்பிட நினைத்து "ம்மா... ம்மா" என்பார். தாகமெடுத்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு அவரோடு இருக்கக்கூடாதா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நன்றாகக் கேட்பார்கள். ஒரு நாள் வந்து ஒரு டையப்பர் மாற்றிவிட்டுக் கேட்கட்டும்.

ஷாமளா செயலியைத் திறந்தாள். நனைந்த குடைகளின் வாடையும் யாரோ மடியில் வைத்திருந்த பொரித்த கோழியின் எண்ணெய் வாசமும் பஸ்ஸின் குளிரில் கலந்து மூச்சை முட்ட, வெளியே மழையில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக உறுமிக்கொண்டு ஊர்ந்து போக, பாலத்தின் பாதியில் கைப்பேசி சிங்கப்பூர் லைன் விட்டு மலேசியா லைன் பிடிக்கும் அந்தக் கெட்ட இடத்தில் படம் இரண்டு முறை உறைந்து, பிறகு மெல்லத் தெளிந்தது. திரைச்சீலை, டிவி, மேலே சுற்றும் காற்றாடி, நாற்காலியில் அப்பா. எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருந்தன.

அந்தக் கேமரா மனிதரைக் கண்டால் சுற்றிப் பச்சையாக ஒரு கட்டம் போடும். முகம் தெரிந்தவராக இருந்தால் கீழே பெயரையும் எழுதும். வீட்டில் எல்லாருடைய முகத்தையும் செல்வாதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குக்கூடப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறான்.

நாற்காலியைச் சுற்றி ஒரு கட்டம் இருந்தது. கீழே, 'தெரியாத முகம்'.

சமையலறைப் பக்கத்துச் சுவரை ஒட்டி இன்னொரு கட்டம். ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே வெறும் சுவர். கீழே, 'அப்பா'.

சனியன் பிடித்த சாமான் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. மூடித் திறந்தாள். அப்படியேதான் இருந்தது. திரையில் விரலைத் தேய்த்துக் கேமராவின் கழுத்தைத் திருப்பினாள். அது முனகிக்கொண்டே திரும்பியது. படம் நகர்ந்தது, கட்டமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். நாள்காட்டியும் சுவிட்சும் தெரிந்தன. ஆள் இல்லை.

நாற்காலியையும் பெரிதாக்கினாள். அப்பாவேதான். காலையில் அவள் போட்டுவிட்ட அதே நீலச் சட்டை. ஆனால் வாய் கோணவில்லை. எப்போதும் தலையணைமேல் முஷ்டியாகச் சுருண்டு கிடக்கும் வலக்கை நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது, ஐந்து விரலும் விரிந்து.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "ம்மா... ம்மா."

ஷாமளா அவர் உதட்டையே பார்த்தாள். மூடியிருந்தது. "ம்மா" என்று மறுபடியும் கேட்டது. உதடு அசையவில்லை.

கஸ்தூரி அக்காவை அழைத்தாள்.

"நான் பெரியவள டியூஷன்ல விட கூலாய் டவுனுக்கு வந்துட்டேன் ஷாமா. ஏன்?"

"வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"யாரு வருவா? பூட்டிட்டுத்தானே கெளம்புனேன். அப்பா நல்லாத்தான் இருந்தாரு லா." அக்கா சற்றுத் தயங்கினாள். "நீ வந்தப்புறம் நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். சாயந்தரம் கஞ்சிய அவரே கரண்டி புடிச்சுக் குடிச்சாரு. வலது கையால."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஷாமளா அழைப்பைத் துண்டித்தாள்.

செல்வாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டாரில் வந்துகொண்டிருப்பான். கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி ஓடலாமா என்று எழுந்தாள். ஓடி என்ன செய்வது? பாலத்தைத் தாண்டினால் குடிநுழைவுச் சோதனையில் கூட்டம், அதைத் தாண்டினால் இன்னொரு பஸ், பிறகு நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலை. பறந்தால்தான் உண்டு. மறுபடியும் உட்கார்ந்தாள்.

கேமராவில் பேசும் பட்டனை அழுத்தினாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அப்பா?"

காத்திருந்தாள். மழை மூட்டத்தில் கூடம் இருண்டுகொண்டு வந்தது. கேமராவுக்குள் 'டிக்' என்றது. இருட்டுப் பார்வை வந்து வண்ணமெல்லாம் போய்விட்டது. சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிறத் தரை. கட்டங்கள் மட்டும் பச்சை.

நாற்காலியில் இருந்தவர் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தார். சிரித்தார். இரண்டு பக்கமும் சமமாக.

சுவரோரக் கட்டம் ஆடியது. சட்டென்று குட்டையானது. அகலமானது. தரையில் நீளமாகக் கிடந்தது.

விழுந்துவிட்டார்.

அப்படித்தான் நினைத்தாள். கட்டம் விழுந்ததாக அல்ல, அப்பா விழுந்துவிட்டதாக. அவளையறியாமல் கை திரையைத் தொட்டது.

கட்டம் ஊர்ந்தது. கொஞ்சம். நின்றது. இன்னும் கொஞ்சம். குரல் வந்த பக்கமாக, கேமரா வைத்திருக்கும் டிவி மேசையை நோக்கி. "ம்மா." ஒரு கையால் மட்டும் இழுத்துக்கொண்டு வருகிறவரின் வேகம் அது.

நாற்காலியில் இருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக் கேட் கிரீச்சிட்டது. சாவிச் சத்தம். அவர் எழுந்தார். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

கைப்பேசி அலறியது. செல்வா. ஸ்பீக்கரில் போட்டாள், படத்தை விடவில்லை.

"ஷாமா..." அவன் விம்மினான். "மாமா எழுந்து நிக்கிறாரு ஷாமா. எங்கூடப் பேசறாரு."

படத்தில் செல்வா இன்னும் உள்ளேயே வரவில்லை. பாலத்தில் லைன் இழுத்து இழுத்து வந்ததில் படம் முக்கால் நிமிடம் பின்தங்கியிருந்தது.

"என்னங்க, அது அப்பா இல்ல. நீங்க மொதல்ல வெளிய வாங்க."

"என்ன பேசற நீ? வாயெல்லாம் நேராயிடுச்சு. பால்குடம் எடுக்கறேன்னு நேந்துக்கிட்டேன்ல, முருகன் கைவிடல."

"டிவிக்கு முன்னால தரையில பாருங்க. அங்க கெடக்கறாருங்க அப்பா."

"தரையில ஒண்ணும் இல்லம்மா. நீ அழாத. மெதுவா வா." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அலமாக், இந்தக் கேமரா வேற போன்ல மாமாவ யாருன்னு கேக்குது. வாய் கோணலா இருந்தப்ப எடுத்த முகம்தானே அதுக்குத் தெரியும். இரு, அப்பான்னு போட்டுடறேன்."

"வேண்டாம். அத அமுக்காதீங்க. உங்க கால்ல விழறேன், அமுக்காதீங்க."

"அமுக்கியாச்சு லா. இப்பப் பாரு, சரியா காட்டும்."

படத்தில் செல்வா அப்போதுதான் வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான்.

நடந்து முடிந்துவிட்டது. ஆனால் இன்னும் நடக்கவில்லை. ஷாமளாவுக்கு அந்த முக்கால் நிமிடம் பார்ப்பதற்கு மட்டும் கிடைத்தது.

படத்தில் ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டது. செல்வா வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். கட்டம் மேசையடிக்கு வந்துவிட்டது. பெரிதானது. திரையில் பாதி. முக்கால். அதற்குள் வெறும் தரை, சாம்பல் நிறத்தில். 'அப்பா' என்ற எழுத்து அவள் கட்டைவிரல் அளவுக்கு.

"ம்மா."

"இங்கதான்பா இருக்கேன்," என்றாள் ஷாமளா. அவளால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஸ்பீக்கரில் வேறொரு குரல் வந்தது. எட்டு மாதமாக அவள் கேட்காத குரல், ஒரு எழுத்தும் குழறாமல். "ஷாமாவா? குடுங்க மாப்ள, நான் பேசறேன்."

படத்தில் செல்வா அழுதுகொண்டே போனைக் காதில் வைத்துப் பேசினான். தலையை ஆட்டினான். காதிலிருந்து எடுத்தான். திரையைப் பார்த்தான். கட்டைவிரலை வைத்தான்.

மேசையடியில் இருந்த பச்சைக் கட்டம் அணைந்தது.

சத்தம் இல்லை. காற்றாடி மட்டும்.

"எங்கம்மா இருக்க?" என்றது ஸ்பீக்கர். "பாலத்துலயா? பரவாயில்ல, மெதுவா வா. நான் எங்க போகப் போறேன்."

படத்தில், நின்றிருந்தவரைச் சுற்றியிருந்த கட்டத்தின் கீழே பெயர் மாறியது. அப்பா. அவர் செல்வாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு கேமராவை நோக்கி நடந்து வந்தார். டிவி மேசைக்கு ஓர் அடி முன்னால் நின்றார். கீழே பார்த்தார். பிறகு காலை நன்றாகத் தூக்கி, வெறுந்தரையில் எதையோ தாண்டி வைத்தார்.